அந்தக் கண் போரில் போனதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், குறுக்கெழுத்துக் கட்டத்துக்குக் கீழே, ‘தெரியுமா?’ பகுதியில் நான்கு வரிச் செய்தி ஒன்று வந்திருந்தது. முதல் உலகப் போரில் ஒரு கண்ணை இழந்த கனடா நாட்டு வீரர் ஃபிராங்க் மெக்கீ, ஊர் திரும்பிய பிறகு ஒற்றைக் கண்ணோடு ஐஸ் ஹாக்கி ஆடி, ஒரே ஆட்டத்தில் 14 கோல் அடித்தார் என்பது செய்தி. பக்கத்தில் ஒரு படம். கண்ணில் கறுப்புத் துணி கட்டிய கடற்கொள்ளைக்காரன் கையில் மட்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

கோல் கணக்கு சரி. மற்றதெல்லாம் தலைகீழ். அவருக்குப் பார்வை போனது 1900-இல். 14 கோல் அடித்தது 1905-இல். போருக்குக் கப்பல் ஏறியது 1915-இல். ஊர் திரும்பவே இல்லை.

நான்கு வரியைத் திருத்த இவ்வளவு நீளக் கடிதமா என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் ஒரு கண்தான். எனக்கும் அது ஹாக்கியில்தான் போயிற்று. அவருக்கு இடது, எனக்கு வலது. ஏற்காட்டில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக 31 ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் ஓய்வில் இருக்கிறேன். அந்தப் பள்ளி நூலகத்தில் கிடந்த ஒரு பழைய ஆங்கில விளையாட்டுக் களஞ்சியத்தில்தான் முதன்முதலில் மெக்கீயைப் பற்றிப் படித்தேன். அன்றிலிருந்து அவர் எனக்கு ஒரு தூரத்து உறவினர் மாதிரி. உறவினரைப் பற்றி யாராவது தப்பாகச் சொன்னால் சும்மா இருக்க முடியுமா?

முதலில் கண் விஷயம். 1900 மார்ச் மாதம், ஹாக்ஸ்பரி என்ற ஊரில் ஒரு காட்சி ஆட்டம். மெக்கீக்கு அப்போது 17 வயது. தென்னாப்பிரிக்காவில், டச்சு வழிவந்த போயர்களோடு பிரிட்டன் மோதிய போயர் போர் நடந்துகொண்டிருந்தது. போருக்குப் போன கனடா வீரர்களுக்கு நிதி திரட்ட நடத்திய ஆட்டம் அது. ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் ரப்பர் வில்லை. அது எகிறி வந்து இடது கண்ணில் பட்டது. ஆகவே உங்கள் செய்தியை எழுதியவர் முழுக்கத் தவறிவிட்டார் என்றும் சொல்ல மாட்டேன். போர் அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில்தான் இருந்தது, வேறொரு போர். அதே போரில், அதே ஆண்டு ஜனவரியில், காந்தியடிகள் சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் நம் தமிழ் ஒப்பந்தக் கூலிகள் ஸ்பியான் காப் மலையடிவாரத்தில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். உலகம் சின்னதுதான்.

என் கதை இவ்வளவு பெரிதல்ல. 1970, சேலத்தில் ஒரு செம்மண் மைதானம். அடித்தவன் பக்கத்து வீட்டுச் சிநேகிதன். பந்து ஒரு கல்லில் பட்டு எழும்பியது. எங்களை அழைத்துப் போன ஆசிரியர் ஈரத் துணி வைத்துக் கட்டி, “காலையில் சரியாகிவிடும் தம்பி” என்றார். ஒன்பதாம் நாள்தான் கண் டாக்டரிடம் போனோம். விழித்திரை பிரிந்துவிட்டது, இனி வெளிச்சம் மட்டும் தெரியும் என்றார் அவர். வெளியே பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கண் கண்ணாகவே இருக்கும். மெக்கீயின் அணிப் படத்தை ஒட்டாவாவில் இருக்கும் என் அக்கா மகள் அனுப்பியிருக்கிறாள். அதிலும் அப்படித்தான். வகிடு எடுத்து வாரிய தலை, நேரான பார்வை. கறுப்புத் துணியெல்லாம் இல்லை.

ஒரு கண் போனால் என்ன ஆகும் என்று இரண்டு கண் உள்ளவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். பாதி உலகம் இருண்டுவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தூரம்தான் போய்விடுகிறது. முதல் ஆறு மாதம் நான் டபராவுக்குப் பக்கத்தில் காபியை ஊற்றினேன். படிக்கட்டின் கடைசிப் படிக்குக் கீழே இன்னொரு படி இருப்பதாக நினைத்துத் தரையை உதைத்தேன். பஸ்ஸில் சில்லறை கொடுத்தால் கண்டக்டரின் கைக்கு அரை அங்குலம் முன்னாலேயே காசை விட்டுவிடுவேன். பிறகு கழுத்து கற்றுக்கொண்டது. தலையைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் அசைத்தால் கிட்ட இருப்பது வேகமாக நகரும், எட்ட இருப்பது மெதுவாக நகரும். அதை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கோழி தலையை ஆட்டிக்கொண்டே நடப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வராது.

மெக்கீ அடிபட்ட பிறகு சிறிது காலம் நடுவராக இருந்தார். 1903-இல் ஒட்டாவா அணிக்குத் திரும்பி வந்து ஆடினார். அந்த அணிக்கு ‘வெள்ளி எழுவர்’ என்று பட்டப்பெயர். அந்தக் காலத்தில் ஐஸ் ஹாக்கியில் பக்கத்துக்கு ஏழு பேர். அவர்கள் அமெச்சூர்கள், ஆட்டத்துக்குப் பணம் வாங்கக்கூடாது. கனடா ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அணி நிர்வாகி ஒருவர் ஆளுக்கு ஒரு வெள்ளிக் கட்டி கொடுத்தாராம். பணம் இல்லை, வெள்ளிதான், விதியும் பிழைத்தது. வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு தட்டும் எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் இதைக் கேட்டால் வெள்ளியும் பணம்தானே என்று சிரிப்பார்கள்.

இந்த ஐஸ் ஹாக்கி எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. ஏற்காட்டில் பனி உண்டு, ஆனால் அது வேறு பனி. நம் மொழியில் புல்லில் நிற்பதும் பனி, மலையை மூடுவதும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி. ‘பனி ஹாக்கி’ என்று நான் சொன்னபோது எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மூடுபனிக்குள் ஆடும் ஆட்டம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அதுவும் அங்கே நடப்பதுதான். டிசம்பர் மாலைகளில் சில்வர் ஓக் மரங்களை மறைத்துக்கொண்டு மேகம் மைதானத்தில் இறங்கிவிடும். பந்து வரும் சத்தத்தை வைத்துத்தான் மட்டையை நீட்ட வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் நானும் மற்றவர்களும் சமம்.

பேரன் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு மே மாதம், ஐஸ் தொழிற்சாலையிலிருந்து முழுப் பாளம் ஒன்று வாங்கிச் சைக்கிள் ரிக்‌ஷாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேலே ஒட்டியிருந்த உமியைக் கழுவித் திண்ணையில் இரண்டு முக்காலிகள் மீது படுக்கவைத்தோம். டயர் ரீட்ரெடிங் பட்டறையில் சொல்லி லாரி டயர் ரப்பரில் மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலக் கனத்தில் ஒரு வில்லை வெட்டி வைத்திருந்தேன். அதற்கு ‘பக்’ என்று பெயர். 156 முதல் 170 கிராம் வரை இருக்கும். நம் ஹாக்கிப் பந்தும் கிட்டத்தட்ட அதே எடைதான், 156 முதல் 163 கிராம். ஆனால் விரலால் சுண்டிய உடனே இரண்டும் வேறு வேறு பொருள் என்று தெரிந்துவிட்டது. உருண்டு வரும் பந்து தன் வேகத்தைத் தானே சொல்லிக்கொண்டு வரும். புழுதி கிளப்பும், துள்ளும், தரையில் தடதடக்கும். ஒற்றைக் கண்ணன் அந்தக் கோள்மூட்டலை நம்பித்தான் ஆடுகிறான். இந்த வில்லையோ ஒன்றும் சொல்லவில்லை. உருளவில்லை, துள்ளவில்லை, ஓசையும் இல்லை. பாளத்தின் அந்த முனையில் இருந்தது, இந்த முனையில் இருந்தது, அவ்வளவுதான். மூன்று முறை பிடிக்கப் பார்த்து மூன்று முறையும் கை காற்றைப் பிடித்தது. வில்லை வழுக்கிப் போய்ச் சாக்கடையில் விழுந்தது. பேரன் கைதட்டினான். “என்னங்க, நூற்றைம்பது ரூபாயைக் கரைத்துக் குடித்தாயிற்றா?” என்றாள் மனைவி.

இப்படிப்பட்ட ஒரு பொருளை, காலில் கத்தி கட்டிக்கொண்டு வழுக்கி ஓடி, இடது பக்கம் தெரியாமல், எதிரிகள் இடித்துத் தள்ள, ஐந்தடி ஆறங்குல உயரமே உள்ள ஒரு மனிதர் எப்படிக் கட்டி ஆண்டார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்போது முன்னோக்கிப் பாஸ் கொடுக்கவும் அனுமதி இல்லை. ஆளே கொண்டுபோக வேண்டும். தலைக்கவசமும் கிடையாது.

அந்த 14 கோலை மட்டும் நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 1905 ஜனவரி 16 அன்று எதிரே நின்றது டாசன் சிட்டி அணி. வடக்கே யூகானில் தங்க வேட்டைக்காரர்களின் ஊர் அது. அங்கிருந்து நடையிலும் நாய் வண்டியிலும் சிலர் சைக்கிளிலும் கிளம்பி, பிறகு ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று மூன்று வாரத்துக்கு மேல் பயணம் செய்து ஒட்டாவா வந்து சேர்ந்தார்கள். களைப்பாறக் கூட நேரமில்லாமல் களத்தில் இறங்கினார்கள். முதல் ஆட்டம் 9-2. அதில் மெக்கீ அடித்தது ஒன்றே ஒன்று. இந்த மெக்கீ ஒன்றும் பிரமாதம் இல்லையே என்று டாசன்காரர் ஒருவர் வாய்விட்டார் என்று சொல்வார்கள். அடுத்த ஆட்டத்தில் 23-2. மெக்கீ 14. அதில் எட்டு கோல்கள் ஒன்பது நிமிடத்துக்குள் தொடர்ந்து விழுந்தவை. வாய்விட்டவர் அந்த இரவு எப்படித் தூங்கினாரோ. எனக்கு டாசன் அணியின் கோல்காப்பாளர் மீதுதான் இரக்கம், பதின்வயதுப் பையன். ஸ்டான்லி கோப்பைக்கான 22 ஆட்டங்களில் மெக்கீ அடித்தது 63 கோல். அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இதுதான்.

1906-உடன் ஆட்டத்தை விட்டுவிட்டார், வயது 23. காரணம் சுவையானதல்ல. அரசு உத்தியோகம், ஊர் ஊராகப் போய் ஆட விடுப்பு கிடைக்காது. வேலை பார்த்தது இந்தியர் நலத் துறையில். நம் இந்தியா அல்ல, அந்த மண்ணின் பூர்வகுடிகளை அப்படித்தான் அழைத்தார்கள். கோப்புக் கட்டுகளுக்கு நடுவே பத்தாண்டு. எழுத்தர் வாழ்க்கை எனக்குத் தெரியும் என்பதால் அந்தப் பத்தாண்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போகிறேன்.

1914-இல் போர் மூண்டது. இங்கேதான் எல்லோருக்கும் ஒரு கேள்வி வரும். ஒரு கண் உள்ளவரைப் பட்டாளத்தில் எப்படிச் சேர்த்தார்கள்? அவர் குடும்பத்தில் சொல்லும் கதை இது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். தெரியாத கண்ணை ஒரு கையால் மூடிக்கொண்டு படித்தார். இப்போது மறு கண் என்றார்கள். கையை மாற்றினார், கண்ணை மாற்றவில்லை. அதே தெரியாத கண்ணை மறு கையால் மூடிக்கொண்டு மறுபடி படித்தார்.

இதைக் களஞ்சியத்தில் படித்த அன்று நூலகத்திலேயே உரக்கச் சிரித்துவிட்டேன். ஏனென்றால் அதே வித்தையை நானும் செய்திருக்கிறேன். 1971 டிசம்பர், வங்கதேசப் போர். மிலிட்டரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் என் சிநேகிதனும், ஆம், அந்தப் பந்தை அடித்தவன்தான், விடியுமுன் போய் வரிசையில் நின்றோம். ஓட்டத்தில் தேறினேன். மார்பளவில் மூச்சை இழுத்துத் தேறினேன். கண் அட்டை முன்னால் கை மாற்றும் வித்தையும் பலித்தது. ஆனால் அந்த மலையாளத்து டாக்டருக்கு என்ன தோன்றியதோ, ஒரு அட்டைத் துண்டை எடுத்து வந்து அவரே என் இடது கண்ணை மூடினார். நான் அசரவில்லை. வரிசையில் நின்றபோதே எழுத்துகளை மனப்பாடம் செய்திருந்தேன். கடகடவென்று ஒப்பித்தேன். கடைசி வரிவரை போனேன். சுற்றிலும் சிரிப்பு. டாக்டர் கண்ணைத் திறந்துவிட்டார். எதிரே அட்டையே இல்லை. ஆர்டர்லி அதை ஓசைப்படாமல் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் வெறும் சுவரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

“வீட்டுக்குப் போ தம்பி, அம்மா தேடுவார்கள்” என்றார் டாக்டர். அவர் மீது எனக்குக் கோபமே வந்ததில்லை.

ஆனால் மெக்கீ விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. என்னைப் போல அவர் யாருக்கும் தெரியாத ஆள் இல்லை. ‘ஒற்றைக் கண் மெக்கீ’ என்பது ஒட்டாவாவுக்கே தெரிந்த பெயர். அப்பா நாட்டின் உயர் அதிகாரிகளில் ஒருவர். 1868-இல் சுட்டுக் கொல்லப்பட்ட அரசியல் தலைவர் தாமஸ் டார்சி மெக்கீ அவருடைய பெரியப்பா அல்லது சித்தப்பா முறை. அப்படிப்பட்டவரின் கண்ணில் எந்த டாக்டர் அட்டையை வைத்து மூடிப் பார்ப்பார்? டாக்டர் ஏமாறவில்லை, ஏமாந்த மாதிரி இருந்தார் என்பது என் ஊகம். சாமர்த்தியக் கதையாகச் சொல்வது எல்லோருக்கும் வசதி.

1915 மே மாதம் 21-ஆம் பட்டாலியனில் லெப்டினென்டாகக் கப்பல் ஏறினார். அதே மாதத்தில் உடன்பிறந்தவர் சார்லஸ் பிரான்சில் இறந்தார். டிசம்பரில் மெக்கீ போன கவச வண்டியைக் குண்டு ஒன்று பள்ளத்தில் தூக்கி எறிந்தது. முழங்காலில் அடி. இங்கிலாந்தில் மாதக் கணக்கில் சிகிச்சை. தேறியபின், போர்முனைக்குத் தொலைவில் லெ ஆவ்ர் துறைமுகத்தில் ஒரு பணி தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று தன் பட்டாலியனுக்கே திரும்பினார்.

‘தெரியுமா?’ என்று கேட்பதானால் இதைக் கேட்டிருக்க வேண்டும். இதில் ஏமாற்று இல்லை. அவர் கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கை நீட்டினால் கிடைக்கும் நாற்காலி, பழகிய எழுத்தர் வேலை. முன்னே போனால் என்ன கிடைக்கும் என்பதும் தெரியும், தம்பியோ அண்ணனோ போன வழி. ஏன் போனார்? நான் பலமுறை யோசித்திருக்கிறேன். என் சிநேகிதனிடமும் கேட்டேன். அவன் அந்த 1971-இல் தேறி மெட்ராஸ் ரெஜிமென்டில் 17 ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவன். “எனக்கு மேசை கொடுத்திருந்தால் உட்கார்ந்திருப்பேன்” என்றான். சற்றுப் பொறுத்து, “கூட இருந்த பையன்கள் முன்னால் இருந்திருப்பார்கள். அதனால் போயிருப்பார்” என்றான். அதற்கு மேல் அவன் பேசவில்லை, தட்டிலிருந்த முறுக்கை எடுத்துக்கொண்டான்.

1916 செப்டம்பர் 15. சோம் போர்க்களத்தில் டாங்கி முதன்முதலாகப் போரில் இறங்கிய நாள். அன்று கனடாப் படைகள் கூர்செலெட் என்ற சிற்றூரைப் பிடித்தன. ஊர் ஓரத்தில் ஒரு சர்க்கரை ஆலை. அதைக் கைப்பற்றியதில் 21-ஆம் பட்டாலியனுக்குப் பெரும் பங்கு. மறுநாள், 16-ஆம் தேதி, அந்த ஊர்ப் பக்கத்தில் மெக்கீ இறந்தார். வயது 33. உடல் கிடைக்கவில்லை. பிரான்சில் விமி குன்றின் மேல் இருக்கும் நினைவுச் சின்னத்தில், கல்லறை இல்லாத 11,000-க்கும் மேற்பட்ட கனடியர் பெயர்களோடு அவர் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. அதே பிரான்சில் நவ் ஷாப்பெல் என்ற இடத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர் பெயர்கள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். வேலூர் மணிக்கூண்டில் கல்வெட்டு இருக்கிறது: இந்த ஊரிலிருந்து பெரும்போருக்கு 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். பெயர் ஒன்றும் இல்லை. அந்த 14 பேரும் என்ன விளையாடினார்கள் என்று யாருக்குத் தெரியும்? சடுகுடு, கிட்டிப்புள் ஏதாவது ஆடியிருப்பார்கள்.

1945-இல் ஹாக்கிப் புகழ்மாடத்தில் முதல் தொகுப்பாகச் சேர்த்த பெயர்களில் மெக்கீயும் ஒருவர். அதே தொகுப்பில் ஹோபி பேக்கர் என்ற அமெரிக்கரும் உண்டு. அவரும் அமெச்சூர், அவரும் முதல் உலகப் போர்க்காரர், விமானி. போர் நின்று நாற்பது நாள் கழித்து, 1918 டிசம்பர் 21 அன்று, பழுது பார்த்த விமானத்தைச் சோதித்தபோது விழுந்து இறந்தார். அவரையும் அடுத்த வாரம் கட்டத்துக்குள் போடுவதாக இருந்தால் தேதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி இன்னும் ஒன்று. பட்டாளம் வேண்டாம் என்றபின் மாவட்ட அளவில் பல ஆண்டுகள் ஹாக்கி நடுவராக இருந்தேன். நடுவரைப் பார்த்து நம் ஊரில் முதலில் என்ன கத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒருமுறை ஏற்காட்டில் கோடை விழா ஆட்டம். பெனால்டி கார்னர் கொடுத்தேன். வேலி ஓரத்திலிருந்து ஒருவர், “யோவ் ரெஃப்ரி, கண் தெரியவில்லையா?” என்றார். “பாதி தெரிகிறது அண்ணே” என்றேன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆட்டம் முடிந்ததும் யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. மனிதர் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறை. எனக்கு அந்த மன்னிப்பைவிட முந்தைய சிரிப்புதான் பிடித்திருந்தது. உங்கள் படத்தைப் பார்த்தபோது சிரிப்பும் வரவில்லை.

என் சிநேகிதன் இன்றும் வாரத்தில் இரண்டு நாள் மாலையில் வருகிறான். திண்ணையில் எப்போதும் என் இடது பக்கமாகவே உட்காருவான். ஐம்பது ஆண்டுக்கு மேலாக இதைப் பற்றி அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சென்ற ஞாயிறு உங்கள் கட்டத்தை அவன்தான் முதலில் பார்த்தான். தாளை மடித்து அந்தப் பகுதி தெரியாதபடி என் கையில் கொடுத்தான்.

எனவே ஒரு திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுகளை வரிசைப்படி போட்டால் போதும். கடற்கொள்ளைக்காரனுக்குப் பதில் படம் எதுவும் வேண்டாம். இயன்றால் பக்கத்தின் இடது ஓரத்தில் போடுங்கள். வலது ஓரத்தில் போடுவது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்ணில் படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி எழுத்தர், முன்னாள் ஹாக்கி நடுவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.